சோளகத்துக்குத் திறந்த கோபுரம்

கண்டாவளை,
12.1.1964

திரு. பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

கையெழுத்தைக் கண்டதும் இதை மடித்து வைத்துவிட உங்களுக்குத் தோன்றும். முதல் பந்தியை மட்டுமாவது வாசியுங்கள். அதில் வேலை விஷயம்தான் இருக்கிறது.

எங்கள் பாடசாலை மண்டபத்துக் காற்றுக் கோபுரத்தின் வாயைக் கல் வைத்து அடைத்துவிடும்படி கல்விக் கந்தோரிலிருந்து கட்டளை வந்திருக்கிறது. பரந்தனிலிருந்து இரண்டு மேசன்மாரை அழைத்தேன். முதலாவது ஆள் ஏணியில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து இறங்கினார். "இது ஆர் கட்டினது?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். "அந்த மனிசன் உயிரோட இருக்கேக்க அவற்ற வேலையில நான் கை வைக்கேலாது, ரீச்சர். அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது ஆள் ஏணியில் ஏறவே இல்லை. ஆகவே நீங்கள் வந்து அடைக்க வேண்டும், அல்லது மற்றவர் அடைப்பதற்குச் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது பந்தியையும் வாசிப்பதானால்: சென்ற புரட்டாதியில் நடந்ததைப் பற்றி நானும் யோசிக்காமல் இல்லை. களத்தில் நெல்லுத் தூற்றியபோது எழும்பிய சுணை கோபுரத்தால் இறங்கி மண்டபத்தை நிறைத்ததும், ஏரம்புவின் மகள் கமலாசனிக்கு மூச்சுத் திணறி முட்டு இழுத்து அவளை உழவு மெஷினில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நீங்கள் கேள்விப்பட்டவைதான். பிள்ளை தப்பிவிட்டாள். அடுத்த கிழமை கல்விக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு வந்த வித்தியாதரிசி பெற்றாருக்கு முன்னால் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுமையானதல்ல. சில விவரங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டன. அதனால் உங்களுக்கு ஏதேனும் சங்கடம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அருந்ததி தில்லைநாதன்
தலைமை ஆசிரியை


முல்லைத்தீவு,
21.1.64

பெரிய ரீச்சர் அம்மாவுக்கு,

எனக்குக் கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி வையுங்கோ.

இரண்டு பந்தியும் வாசித்தேன். மனிசி மார்கிறட்டுக்கும் வாசித்துக் காட்டினேன். "விளங்கிக்கொள்ளப்பட்டன எண்டா ஆர் விளங்கிக்கொண்டது?" எண்டு கேட்டாள். நான் என்ன சொல்ல? "அது படிச்ச ஆக்களின்ர தமிழ், அதில ஆக்கள் இருக்க மாட்டினம்" எண்டேன்.

ஏதேனும் சங்கடம் எண்டு எழுதியிருக்கிறியள். எழுதுறன், கேளுங்கோ. வித்தியாதரிசி போய் மூண்டாம் கிழமை கந்தோரின்ர மேசன்மார் பட்டியலில் என்ர பேரை வெட்டிப் போட்டினம். விசுவமடுவில் புதுப் பள்ளிக்கூடம் கட்ட என்னைத்தான் கேட்டிருந்தவை. அது போச்சு. இப்ப தம்பி ஸ்ரீபனோட கரைவலை இழுக்கிறன். முப்பது வருஷம் தூக்குக்குண்டு பிடித்த கை. கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை வெடித்துக் கிடக்கு. கரையில நிக்கிற பொடிசுகள் கூட "மேசன், அலைக்கு மட்டம் பிடியுங்கோ" எண்டு பகிடி பண்ணுதுகள்.

நீங்கள் வரைஞ்சு தந்த படம் என்னட்டை இருக்கு. அதைக் கொண்டு கந்தோருக்குப் போனனான். கிளாக்கர் வாங்கி, இங்கிலீசில் எழுதிக் கிடக்கிறதைப் பாத்து, என்னை மேலும் கீழும் பாத்தார். "இதில கையெழுத்து இல்லையே. அந்த அம்மா யூனிவர்சிற்றியில படிச்சவா. நீர் மேசன். ஆர் சொல்லுறதை நான் எழுதுறது?" எண்டார். அதுக்குப் பிறகு நான் ஒரு இடமும் போகேல்லை.

கட்டேக்க சாரத்தில ஏறி நிண்டு நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டியள். "ரீச்சர், நெல்லுத் தூத்துறவனும் இந்தத் தென்மேற்குச் சோளகக் காத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான். களம் அந்தப் பக்கம்தான். வாயைத் தென்கிழக்குக்குத் திருப்புவம், இல்லாட்டி ஒரு பலகைக் கதவாவது வைப்பம்" எண்டனான். நீங்கள் குடையை ஊண்டிக்கொண்டு, "ஈரானில ஆயிரம் வருஷமாகக் கட்டிவாற சனத்தைவிட உமக்குத் தெரியுமோ?" எண்டியள். "அவைக்கு அவையின்ர ஊர் தெரியும், ரீச்சர். இது கண்டாவளை" எண்டு நான் சொல்ல, கல்லுச் சுமந்த பெண்டுகள் சிரிச்சவை. அதுதான் உங்களுக்குப் பிடிக்கேல்லை.

வடகிழக்குச் சுவரை எல்லாப் பள்ளிக்கூடத்தையும் போல அரைச்சுவராய் விடுவம் எண்டும் சொன்னனான். வந்த காத்துப் போக வழி வேணும். முழுச்சுவர்தான் வேணும் எண்டு நிண்டியள்.

வந்து அடைக்க மாட்டன். எந்தப் பேரில வாறது? பிழையாய்க் கட்டினவன் எண்ட பேரிலயோ? மற்றவன் கை வைக்கவும் என்ர சம்மதம் இல்லை.

பஸ்தியாம்பிள்ளை


கண்டாவளை,
2.2.1964

பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. அந்த வாக்கியத்தை மறுபடி எழுதுகிறேன். வித்தியாதரிசி, "இந்த வாயை இந்தத் திசைக்கு வைத்தது யார்?" என்று கேட்டார். நான், "மேசன் தன்ர பாட்டுக்குக் கட்டினது. என் படம் அப்படியில்லை" என்றேன். அது பொய்.

எப்படி அந்த இடத்துக்கு வந்தேன் என்பதைச் சொல்ல முயல்கிறேன். நியாயம் கேட்டல்ல.

பழைய மண்டபம் தகரக் கூரை போட்டது. பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துக் கிடப்பார்கள். வெப்பமானியில் தொண்ணூற்றெட்டு. மயங்கி விழுந்த பிள்ளைகளும் உண்டு. அந்தக் காலத்தில்தான் என்னோடு கொழும்பில் புவியியல் படித்த தோழி ஒருத்தி, கணவரின் உத்தியோகத்தால் ஈரானில் இருந்தவள், ஒரு புத்தகம் அனுப்பினாள். யஸ்து, காசான் என்ற பாலைவன நகரங்களின் வீடுகளைப் பற்றியது. மின்விசிறியும் இல்லை, எண்ணெயும் எரிக்கவில்லை. மனிதர் வெயிலோடு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டதுபோல வாழ்ந்திருக்கிறார்கள். முழ அகலத்துக்கு மண்சுவர். பகல் முழுதும் வாங்கும் வெயிலை அது இரவில்தான் உள்ளே விடும். நடுவில் பள்ளமான முற்றம், அதில் சிறு தடாகம், மாதுளை மரங்கள். கோடையில் வீட்டின் ஒரு பக்கத்திலும் மாரியில் மறுபக்கத்திலும் குடியிருப்பார்களாம், ஒரே வீட்டுக்குள் இடம்பெயர்வதுபோல. குளிர்கால இரவுகளில் நிழற்சுவரின் பின்னால் ஆழமில்லாத குட்டையில் தண்ணீர் விட்டுப் பனிக்கட்டி உறையவைத்து, நிலத்தடிக் குழியில் வைக்கோலுக்குள் கோடைவரை காப்பாற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோபுரங்கள். உயரத்தில் ஓடும் காற்றை வாயால் வாங்கி, தொண்டை போன்ற குழாயால் இறக்கி, அடியில் உள்ள தண்ணீரின் மேலாக அறைக்குள் விடுபவை.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. படித்த முதல் நாள், "பாலைவனத்தில் சரி, இங்கே?" என்றுதான் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் காற்றும் உலர்ந்ததுதான். கணக்குப் போட்டேன். சரிவரும் என்று கண்டேன். நீங்கள் கட்டி முடித்த வைகாசியில் மண்டபத்துக்குள் வெப்பமானி எண்பத்தாறு காட்டியது. அன்று நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கொழும்பில் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பத் தயாராக இருந்தது. அதை மேலே சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தவர் அதே வித்தியாதரிசி. அவர் கேள்வி கேட்ட அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது பிள்ளையும் அல்ல, நீங்களும் அல்ல. மேசை இலாச்சியில் இருந்த அந்தப் பன்னிரண்டு தாள்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புத்தகத்தில் மெய்பொத் என்ற ஊரைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. அங்கே கோபுரங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வாய். புழுதி வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டியிருக்கிறார்கள். கட்டுகிறவன் காற்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை, வரும் வழியில் எதை எடுத்துக்கொண்டு வருகிறது என்றும் பார்ப்பான் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சாரத்தில் நின்று சொன்னதும் அதுதான். அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். ஆனால் அதற்குள் படத்தை வரைந்து மை ஏற்றிவிட்டதால் மாற்ற மனம் வரவில்லை.

கந்தோருக்கு எழுதியிருக்கிறேன். பிரதி இத்துடன்.

அருந்ததி


முல்லைத்தீவு,
15.2.64

ரீச்சர் அம்மாவுக்கு,

பிரதி கிடைச்சது. இங்கிலீஸ் எண்டபடியால் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரிட்டக் குடுத்தனான். கண்ணாடியைத் துடைச்சு இரண்டு தரம் வாசிச்சார்.

"என்ன சுவாமி, என்னில பிழை இல்லை எண்டு கிடக்கோ?"

"அப்பிடிச் சொல்லேலாது."

"அப்ப, தன்னில பிழை எண்டு எழுதியிருக்கிறாவோ?"

"அப்பிடியும் சொல்லேலாது. திசையைப் பற்றிக் கட்டட வேலையின்போது கருத்து வேறுபாடு இருந்தது, அது போதியளவு பதிவு செய்யப்படவில்லை எண்டு கிடக்கு. நல்ல இங்கிலீஸ், பஸ்தியாம்பிள்ளை. இவ்வளவு நல்ல இங்கிலீசில ஒருத்தரும் பாவசங்கீர்த்தனம் செய்யிறேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரேல்லை.

எனக்கு எழுதின கடிதத்தில பொய் எண்டு ஒரு சொல் இருக்கு. கந்தோருக்கு எழுதினதில அது இல்லை. வாசிக்கக் கேட்டால் தெரியாதோ ரீச்சர்? நான் அஞ்சாம் வகுப்புத்தான், எண்டாலும் விளங்கும்.

உங்கட கதை முழுக்க வாசிச்சன். அந்த ஊர்ச் சனம் ஐஸ் வைச்சிருந்த கதையை ஸ்ரீபனுக்குச் சொன்னனான். மீன் போட ஒண்டு கட்டித் தா எண்டு நிக்கிறான். உங்களில எனக்குக் கோபம் மட்டும்தான் எண்டு நினையாதேங்கோ. ஆனால் கோபம் இருக்கு.

விசுவமடு வேலைக்கு ஆள் எடுக்கிற பட்டியலைப் பங்குனி பதினைஞ்சோட மூடுகினமாம். அதுக்கு முன்னம் என்ர பேர் சுத்தமாக வேணும். அது கந்தோரால மட்டும் வராது. நீங்கள் என்னைப் பொய்யாய்ச் சொன்னது மண்டபத்துக்குள்ள, அவ்வளவு தாய் தேப்பனுக்கும் முன்னால. எங்கட ஆக்கள் கண்டாவளைப் பக்கம் மீன் கொண்டு வந்தால் இப்பவும் கேக்கிறாங்களாம், "பிள்ளைக்கு முட்டு வரப்பண்ணின மேசன்ர ஊரோ?" எண்டு. என்ர மகள் புனிதத்துக்குச் சம்மந்தம் பேசின இடத்திலயும் அதைத்தான் கேட்டவை.

சொன்ன இடத்திலயே சொன்னதைத் திருப்பி எடுங்கோ, ரீச்சர். தமிழில. வாயால. அதுக்குப் பிறகு நான் வந்து அடைச்சுத் தாறன்.

பஸ்தியாம்பிள்ளை


கண்டாவளை,
23.2.1964

பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் கேட்பது என்னால் முடியாது.

பத்து வருடமாக இந்தப் பாடசாலையை நடத்துகிறேன். பொய் சொன்ன பிள்ளையைக் கதிரையின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அதே பெற்றாருக்கு முன்னால் நானே எழுந்து நின்றால் அதன் பிறகு என் சொல்லுக்கு என்ன மதிப்பு? குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனங்களால் யாருக்கும் பயன் வந்ததாக நான் கண்டதில்லை. கேட்பவருக்கு ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். கந்தோருக்கு இன்னும் தெளிவாக ஒரு கடிதம் எழுதுகிறேன். அதோடு நின்றுவிடுவோம்.

தவிரவும், உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் நீங்கள் கட்ட மறுத்திருக்கலாம். யாரும் உங்கள் கையைப் பிடித்துக் கட்டுவிக்கவில்லை.

அருந்ததி


முல்லைத்தீவு,
29.2.64

ரீச்சர் அம்மாவுக்கு,

ஓம். கட்டாமல் விட்டிருக்கலாம்.

நீங்கள் எழுதின பிறகு நாலு நாள் அதை யோசிச்சன். வலை இழுக்கேக்கயும் யோசிச்சன். சுணை வரும் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் அப்பிடி ஒரு வேலை என்ர கையால ஒரு நாளும் வந்ததில்லை. எல்லாம் நாலு சுவர், ஒரு கூரை, ஒரு கக்கூசு. பதினைஞ்சடி எழும்பின பிறகு ஒரு நாள் குழாய்க்குள்ள தலையை விட்டுப் பாத்தனான். காத்து, சட்டையைப் பலூன்போல ஊதி எழுப்பிச்சுது. கடல்ல பாய் விரிச்சுக் கச்சான் காத்தில ஓடுற மாதிரி. ஸ்ரீபனைக் கூட்டிவந்து காட்டினனான். அதுக்குப் பிறகு எனக்கும் அது நிக்கவேணும் எண்டுதான் இருந்தது. வாயைப் பற்றி இரண்டாந்தரம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் வேலையை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயந்து பேசாமல் விட்டனான்.

அது என்ர பங்கு. அதை நான் எடுத்துக்கொள்ளுறன். அந்தப் பிள்ளை கிடந்த ஆஸ்பத்திரிக்கு ஒருக்காத் தோடம்பழத்தோட போய் வாசலில நிண்டிட்டுத் திரும்பி வந்தனான். உள்ள போக முகம் இல்லை.

உங்கட பங்கை நான் எடுக்க மாட்டன். இனிக் கேக்கவும் மாட்டன்.

பஸ்தியாம்பிள்ளை


கண்டாவளை,
9.3.1964

பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

நேற்று ஞாயிறு பின்னேரம் பெற்றார் சங்கக் கூட்டம். கூட்டத்தை அந்த மண்டபத்திலேயே வைக்கச் சொன்னேன். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அறுவடை நேரம் அவ்வளவு பேர் வரமாட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படி எண்ணித்தான் அந்த நாளைத் தெரிந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என்ன சொல்வதென்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுந்தபோது அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். "கோபுரத்தின் வாயை அந்தத் திசைக்கு வைக்கச் சொன்னது நான். மேசன் வேண்டாமென்று தடுத்தவர். காற்றுப் போக அரைச்சுவர் விடச் சொன்னவரும் அவர். வித்தியாதரிசி கேட்டபோது இந்த இடத்தில் நின்று நான் பொய் சொன்னேன். கமலாசனிக்கு நடந்ததற்கு நான்தான் பொறுப்பு" என்றேன். இவ்வளவுதான். எத்தனை கிழமை தூக்கமில்லாமல் கிடந்த விஷயம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

யாராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். முன்வரிசையில் இருந்த ஏரம்பு தொண்டையைச் செருமினார்.

"இருங்கோ ரீச்சர். ஏன் நிண்டுகொண்டு?"

நான் இருக்கவில்லை.

"அது எங்களுக்குத் தெரியுமே," என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. எது தெரியும் என்று கேட்டேன்.

"மேசன் அந்தக் காத்துக் கூண்டு கட்டேக்க எங்கட களத்துக்கு வந்தவர். 'அண்ணை, சிறுபோகத்துக்குக் களத்தை வாய்க்காலுக்கு அங்கால மாத்தேலாதோ, ரீச்சரின்ர வாய் இந்தப் பக்கம் பாக்குது' எண்டு கெஞ்சினவர். நாங்கள்தான், 'ரீச்சரின்ர வாய் எந்தப் பக்கம்தான் பாக்கேல்லை?' எண்டு சிரிச்சு அனுப்பினது. அங்கால காத்துப் பிடிக்காது. என்ர பிள்ளைக்கு வந்தது என்ர களத்துச் சுணைதான், ரீச்சர்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் களத்துக்குப் போனதை எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

"அப்படியென்றால் வித்தியாதரிசி வந்த அன்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த நிலையிலும் நான் அவர்களிடம் கணக்குக் கேட்கிற ஆசிரியையாகத்தான் இருந்தேன்.

சங்கச் செயலாளர் பரமலிங்கம் எழுந்தார். "உங்களுக்கு முன்னம் மூண்டு பேர் வந்தவை, ரீச்சர். ஒருத்தர் ஒரு வருஷம் நிண்டார். மற்ற இரண்டு பேரும் முதல் மாரிக்கே மாத்தம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போட்டினம். நீங்கள் பத்து வருஷம் நிண்டியள். நாங்கள் உங்களை எதிர்த்துக் கதைச்சு, நீங்களும் பெட்டியைத் தூக்கினால் பிள்ளையளுக்கு ஆர்? மேசன் கரைப் பக்கத்து ஆள். எங்கயும் பிழைச்சுக்கொள்ளுவார் எண்டு விட்டிட்டம். அது எங்கட பிழைதான்."

உங்களை அவர்கள் எடைபோட்டு விட்டுக்கொடுத்தார்கள், பஸ்தியாம்பிள்ளை. நான் இங்கே இருக்கவேண்டும் என்பதற்காக. இதை மென்மையாக எழுத எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் இதை அறியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பிறகு பரமலிங்கம் சொன்னது: மாசி முதற்கிழமையே அவர்கள் சங்கத்தின் பெயரில் கந்தோருக்கு மனு அனுப்பிவிட்டார்களாம். விசுவமடுவிலிருந்து வந்த யாரோ நீங்கள் வலை இழுக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஏரம்புதான் வீடு வீடாகப் போயிருக்கிறார். கட்டினதில் மேசனில் குற்றமில்லை, பட்டியலில் சேர்க்கவும் என்று நாற்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் கைநாட்டு. பிரதியை எனக்குக் காட்டினார்கள். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு கவனமாக என்னைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

கமலாசனியின் தாய் விமலேஸ்வரி, கூட்டங்களில் வாய் திறக்காதவள், தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "நீங்கள் வெக்கப்படுவியள் எண்டுதான், ரீச்சர்."

அதன் பிறகுதான் கதிரையில் இருந்தேன்.

கோபுரத்தைப் பற்றியும் பேசினார்கள். கல்லால் அடைக்க வேண்டாமாம். வைகாசி, ஆனியில் அந்த மண்டபத்துக்குள் பிள்ளைகளுக்குச் சுகம்தானே என்றார்கள். தூற்றுகிற மாதத்துக்கு மட்டும் பலகை போட்டால் போதும், வடகிழக்குச் சுவரை அரைக்கு இடித்துவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. எல்லாம் நீங்கள் சொன்னவை. கந்தோர் சம்மதிக்குமோ தெரியாது. நீங்கள் வருவீர்களோ அதுவும் தெரியாது. வரவேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை.

இன்று காலை தபாலில் கந்தோருக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன். அதில் பொய் என்ற சொல் இருக்கிறது. அதைச் சொன்ன ஆளின் பெயரும் இருக்கிறது. மார்ச் பதினைந்தாம் திகதிக்கு முன் போய்ச் சேரும். மனு ஒன்றே போதுமாக இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். என் கடிதம் போய்ச் சேர்வது உங்கள் பெயருக்காக என்று இனி நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கடிதத்தால் எனக்கு இடமாற்றம் வந்தால் வரட்டும் என்று எழுத நினைத்தேன். ஆனால் அந்த மக்கள் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அறிந்த பிறகு அப்படி எழுதுவதற்கும் கூச்சமாக இருக்கிறது. வராமலிருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

இன்று முதலாம் பாடத்துக்கு மண்டபத்துக்குள் போனேன். பிள்ளைகள் வழமைபோல எழுந்து நின்று, "வணக்கம், ரீச்சர்" என்றார்கள். கமலாசனி வாசலோரம் நின்றாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு காலையும் இவர்கள் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள். எந்தெந்த வீட்டில் அடுப்படியில் இருந்து இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து நின்றார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை. "இருங்கோ" என்று சொல்ல எனக்கு வெகுநேரம் எடுத்தது. அதுவரை அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அருந்ததி